பொன்னுக்கு வீங்கியும் அமெரிக்கக் காலேஜும்

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ மேல்படிப்புக்காகக் கடல் கடந்து போகப் போகிறார்களா? அப்படியானால் பருப்புப் பொடி இடிப்பதற்கும் ஊறுகாய் போடுவதற்கும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். குழந்தையாக இருந்தபோது ஊசி போட்ட அட்டை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

நான் இதைச் சொல்லக் காரணம் உண்டு. எனக்கு ஊர் மணவூர். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயிலில், திருவாலங்காட்டுக்கு முந்தின ஸ்டேஷன். வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி, திருத்தணி முருகனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிற ஊர். அங்கிருந்து என் தங்கையின் பெண் 2025-ல் எம்.எஸ். படிக்க அமெரிக்கா புறப்பட்டாள். காலேஜில் இடம் கிடைத்தது, விசாவும் கிடைத்தது. பிறகு ஒரு படிவம் வந்து சேர்ந்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசியை இரண்டு தடவை போட்டதற்கு அத்தாட்சி வேண்டும். இல்லாவிட்டால் வகுப்புகளுக்குப் பெயர் பதிய முடியாதாம்.

"இதென்ன பிரமாதம்!" என்று தங்கை பீரோவைத் திறந்தாள். நகைப் பெட்டிக்கு அடியில் அட்டை பத்திரமாக இருந்தது. ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ஊசி போட்ட தேதியும் அதில் இருந்தது.

சிக்கல் அங்கேதான். குழந்தைக்கு ஓர் ஆண்டு நிறைவதற்கு முன் போட்ட ஊசி அமெரிக்கக் கணக்கில் சேராது. நம் நாட்டிலோ 1985 முதல் ஒன்பதாம் மாதமே போட்டுவிடுகிறார்கள். இங்கே கைக்குழந்தையையே நோய் தேடி வந்துவிடும், காத்திருக்க முடியாது. அங்கே காத்திருக்கலாம், தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி கரைந்த பிறகு போட்டால் ஊசி இன்னும் நன்றாகப் பிடிக்கும். இரண்டு பேர் சொல்வதும் நியாயந்தான். அகப்பட்டுக்கொண்டவள் எங்கள் பெண்!

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் தட்டம்மை - ருபெல்லா ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப் வதந்தியைக் கேட்டுப் பல பெற்றோர்கள் பின்வாங்கினார்கள். இவள் தைரியமாகப் போட்டுக்கொண்டாள். அது கணக்கில் சேரும். ஆனால் அதில் பொன்னுக்கு வீங்கி இல்லையே!

"அதற்கா ஊசி?" என்று வியந்தார் என் தாயார். "கழுத்திலே இரட்டைவடம் சங்கிலியைப் போட்டால் வீக்கம் தானே வடிந்துவிடுமேடா!"

வடியத்தான் வடிகிறது, பத்து நாளில் அது தானாகவே வடியும். பெயரைத் தட்டிக்கொண்டு போவது சங்கிலி! ஆனால் சிலருக்குக் காது மந்தமாகிவிடுவதும் உண்டு. அதற்குச் சங்கிலி ஜவாப் சொல்லாது.

டாக்டரிடம் ஓடினோம். இரண்டு ஊசிகளுக்கும் நடுவே குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும் என்றார். விமானத்துக்கு இருந்ததோ 35 நாள். அன்றே முதல் ஊசி. 29-ம் நாள் இரண்டாவது. ஒரு வாரம் பிந்தியிருந்தால், வங்கிக் கடனும் டிக்கெட்டும் கையில் இருக்க, பெண் மணவூரிலேயே நின்றிருப்பாள்.

"இத்தனை கெடுபிடி எதற்கு மாமா?" என்று அவள் கேட்டாள். நீங்களும் கேட்பீர்கள். 1980-களில் அமெரிக்கக் காலேஜ்களிலேயே தட்டம்மை பரவியது. சிறு வயதில் ஒரே ஊசி போட்டவர்களுக்கும் வந்தது. 1989-ல் இரண்டாவது ஊசியும் வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் கிருமி காற்றில் இருக்கக்கூடும். ஹாஸ்டலில் அடுத்த கட்டிலில் இருப்பவள் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவளாக இருக்கலாம். அவள் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள முடியாது. நம் பெண்ணின் கையில் ஏறுகிற மருந்துதான் அவளுக்கும் காவல்.

என் தாயாருக்குக் கையில் பெரியம்மை குத்தின தழும்பு இருக்கிறது. அந்த நாளில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் அம்மைப்பால் தயாரித்தார்கள். ஊர் ஊராகக் குத்தியதன் பலன், 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-ல் உலகமே விடுபட்டது. அன்று தழும்பே சர்டிபிகேட். இன்றைய ஊசி தழும்பு வைப்பதில்லை, காகிதந்தான் சாட்சி.

ஆகவே, மூன்று மாதம் முன்னதாகவே காலேஜின் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். ராஜ்யத்துக்கு ராஜ்யம், காலேஜுக்குக் காலேஜ் விதி மாறும். டெக்ஸாஸில் 22 வயதுக்குட்பட்ட புது மாணவர்கள் மூளைக்காய்ச்சல் ஊசியை வகுப்பு தொடங்கப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். காசநோய்ச் சோதனையும் கேட்கலாம். பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்ட நம் பிள்ளைகளுக்குத் தோலில் செய்யும் சோதனை வீணாக வீங்கிப் பயமுறுத்தும். ரத்தத்தில் செய்யும் சோதனையை ஏற்பார்களா என்று கேளுங்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டாருக்கு ஒரு வார்த்தை. ஜாதகத்தை எத்தனை பத்திரமாக வைக்கிறீர்கள்! பக்கத்திலேயே இந்த அட்டையையும் வையுங்கள். காலேஜ்காரன் ஜாதகத்தைக் கேட்கப் போவதில்லை.