சைவ சமையலறையில் மீன் வாடை... எம்.சி.பி-க்குத் தெரியாத சூடு!

சுத்த சைவ வீடு அது. சனிக்கிழமைகளில் வெங்காயம், பூண்டுக்குக்கூட விடுமுறை. அந்தச் சமையலறையில்தான் ஒரு புரட்டாசி மாதக் காலையில் மீன் வாடை அடித்தது.

“ஏம்மா, பக்கத்து வீட்ல மீன் கழுவுறாங்களா... புரட்டாசியிலயுமா?” என்றார் மாமியார். மருமகள் ஜன்னலைச் சாத்தினார். வாடை போகவில்லை. மறுநாள் எலி செத்துக் கிடக்கிறதோ என்று பரணைக் கிளறினார்கள். சிங்க் குழாயில் வெந்நீர் ஊற்றினார்கள், பினாயில் தெளித்தார்கள். மூன்றாம் நாள் சமையல் முடிந்து, இண்டக்‌ஷன் அடுப்பின் பிளக்கைப் பிடுங்கப் போன மருமகளுக்கு விரல் சுட்டது. பிளக்கின் ஒரு ஓரம் பழுப்பேறி, லேசாக இளகியிருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். அதே மீன் வாடை!

ஸ்விட்ச், சாக்கெட், பிளக் இவற்றில் பயன்படும் சில வகை பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடானால் இப்படித்தான் மணக்கும். புகை வருவதற்கு முன்பே மூக்குக்கு எட்டுகிற எச்சரிக்கை இது. ஆனால், நம்மில் பலரும் இந்த வாடைக்கு சுவிட்ச் போர்டைச் சந்தேகிப்பதே இல்லை.

ஆவடிப் பக்கம் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. மருமகளுக்கு புளிக்காய்ச்சல்தான் தொழில். தெரிந்தவர்களுக்கு நாலு பாட்டில் கொடுத்ததில் தொடங்கி, புரட்டாசி சனிக்கிழமைகளுக்கும் மார்கழிக்கும் ஆர்டர் எடுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. புளிக்காய்ச்சல் அவசரத்துக்கு வளைகிற சமாசாரம் இல்லை. புளிக்கரைசல் கொதித்து, சுண்டி, நல்லெண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும் வரை அடுப்பு எரிந்தாக வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு சட்டி என்றால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. கேஸ் சிலிண்டர் மாதம் முடிவதற்குள் காலியாகவே, 2,000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றை வாங்கினார்.

அடுப்பின் பிளக்குக்குத் தடித்த பின்கள். மேடைக்கு மேலே இருந்ததோ மிக்ஸி போடுகிற சின்ன பாயின்ட். கடையில் கேட்டதும் ஒரு கன்வர்ஷன் பிளக் கொடுத்தார்கள். பின்பக்கம் பெரிய பிளக்கை வாங்கிக்கொண்டு, முன்பக்கம் சின்ன சாக்கெட்டுக்குள் போய்விடும். விலை குறைவு, வேலையும் முடிந்தது. பிரச்னை அங்கேதான் தொடங்கியது.

ஒரு சின்னக் கணக்கு. 2,000 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 8.7 ஆம்பியர். சின்ன பாயின்ட்டின் தாங்குதிறன் 6 ஆம்பியர். பெரிய பாயின்ட்டுக்கு 16. பின்களைத் தடிமனாகச் செய்திருப்பதே, சின்ன ஓட்டையில் நுழையக் கூடாது என்பதற்காகத்தான். கன்வர்ஷன் பிளக் அந்தப் பாதுகாப்பைச் சத்தமில்லாமல் தாண்டவைக்கிறது. ஐந்து நிமிடம் தோசை வார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்று மணி நேரம் புளி சுண்டினால் தெரியும்.

முதலில் பழி அடுப்பின் மேல் விழுந்தது. சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப்போனார்கள். அடுப்பில் கோளாறு இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு இளகிய கன்வர்ஷன் பிளக்கைத் தூக்கியெறிந்துவிட்டு, புதிதாக ஒன்றை அதே சாக்கெட்டில் செருகினார்கள். பத்தே நாளில் அதுவும் பழுப்பேறியது.

சாக்கெட்டுக்குள் பித்தளைக் கவ்விகள் இருக்கும். பிளக்கின் பின்னை இறுக்கமாகப் பிடித்துக்கொள்வது அவற்றின் வேலை. ஒருமுறை நன்றாகச் சூடேறிவிட்டால் அந்த ஸ்பிரிங் தன்மை போய்விடும். பிடி தளரும், தளர்ந்த இடத்தில் சூடு கூடும், சூட்டில் பித்தளை கறுக்கும், கறுத்த பரப்பு மின்சாரத்துக்கு இன்னும் தடை போடும். தானே வளர்கிற நோய் இது. இதற்குப் புது பிளக்கை மட்டும் மாட்டுவது, வீங்கிய காலுக்குப் புதுச் செருப்பு வாங்குவதுபோல. கெட்டுப்போன சாக்கெட் நல்ல பிளக்கைக் கெடுக்கும். கெட்டுப்போன பிளக் நல்ல சாக்கெட்டைக் கெடுக்கும். மாற்றினால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

“எம்.சி.பி இருக்கே, ஏதாவது ஆச்சுன்னா விழுந்துடுமே!” என்று அந்த வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். பெரும்பாலான வீடுகளில் உள்ள நம்பிக்கை இதுதான். இந்த இடத்தில் மட்டும் அந்த நம்பிக்கை உதவாது.

எம்.சி.பி கவனிப்பது எவ்வளவு கரன்ட் ஓடுகிறது என்பதை. தளர்ந்த இணைப்பால் கரன்ட் கூடுவதில்லை, அதே 8.7 ஆம்பியர்தான் ஓடிக்கொண்டிருக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி-க்கு அது சாதாரண நாள். ஆனால், கவ்வி தளர்ந்த இடத்தில் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8.7-ஐ 8.7-ஆல் பெருக்கி, அதில் பாதி எடுத்தால் சுமார் 38 வாட்ஸ் சூடு. டி.வி மெக்கானிக் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸிலேயே வேலை செய்யும். அதைவிடப் பெரிய ஒன்றை பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் மூன்று மணி நேரம் செருகிவைத்தால் என்ன ஆகும்? அதுதான் அந்தச் சமையலறையில் நடந்துகொண்டிருந்தது. எம்.சி.பி-க்கு அருகில் இருக்கும் ஆர்.சி.சி.பி-க்கும் இது தெரியாது. மின்சாரம் உடம்பு வழியாகவோ, எர்த் வழியாகவோ கசிந்தால் துண்டிப்பதற்காக இருப்பது அது. இங்கே கசிவே இல்லை.

அந்த போர்டுக்கு நேர் கீழே நல்லெண்ணெய் டின் இருந்தது. பாட்டில்களைக் கொடுக்க மருமகள் வெளியே போகும் நேரங்களில், கொதிக்கிற சட்டிக்குக் காவல் எழுபதைத் தாண்டிய மாமியார்.

இரண்டாவது முறை ஓர் எலெக்ட்ரீஷியன் வந்தார். பழைய சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, 16 ஆம்பியர் சாக்கெட்டும் ஸ்விட்சும் மாட்டினார். கன்வர்ஷன் பிளக் ஒழிந்தது. இனி பயமில்லை என்று எல்லோரும் நிம்மதியானார்கள். ஐப்பசியில் திரும்பவும் வாடை வந்தது. இந்த முறை பிளக் பக்கம் சூடு குறைவு. போர்டின் முகப்புத்தகடே வெதுவெதுவென்று இருந்தது. இதைவிட மோசம், சூடு உள்ளே போய் ஒளிந்துகொண்டதுதான்.

இடையில், “பெரிய எம்.சி.பி-யா மாத்திடுங்க, 32 போடுங்க” என்று கீழ் வீட்டிலிருந்து ஓர் ஆலோசனை வேறு. நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. எம்.சி.பி இருப்பது சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்ற. மெல்லிய ஒயருக்குப் பெரிய எம்.சி.பி போட்டால், ஒயர் வெந்துபோகும் வரை அது வேடிக்கை பார்க்கும்.

மூன்றாவதாக வந்தவர் வயதானவர். வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. பழைய பிளக்குகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். மாமியார் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது:

“பாருங்கம்மா, ஒரு கால் மட்டும் கறுத்திருக்கு. இன்னொரு கால் பளிச்சுன்னு இருக்கு. ரெண்டுலயும் போறது ஒரே கரன்ட்தான். லோடு அதிகம்னு மட்டும் இருந்தா ரெண்டும் சுட்டிருக்கணும். ஒண்ணு மட்டும் சுட்டிருக்குன்னா அந்தப் பக்கம் பிடி இல்லைனு அர்த்தம்.”

ஒரு பிளக்கை வைத்து இவ்வளவு சொல்ல முடியும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கறுத்த பிளக்கைக் குப்பையில் போடுவதற்கு முன், எந்தப் பின் கறுத்தது என்று பார்த்து வைப்பது நல்லது. வருகிற எலெக்ட்ரீஷியனுக்குப் பாதி வேலை மிச்சம்.

மெயினை அணைத்து, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்து, கரன்ட் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே போர்டைத் திறந்தார். புது சாக்கெட்டின் பின்புறம் நியூட்ரல் ஒயரின் முனை கறுத்துப்போய் இருந்தது. பழைய சாக்கெட்டில் வெந்துபோன அதே முனை! முன்பு வந்தவர் அதை வெட்டி எறியாமல், அப்படியே புது சாக்கெட்டில் செருகி முடுக்கியிருக்கிறார். போதாக்குறைக்கு, துளைக்குள் நுழைவதற்காக நாலைந்து செம்பு இழைகளை யாரோ நறுக்கியும் விட்டிருந்தார்கள். கறுத்த செம்பை எவ்வளவு முடுக்கினாலும் பிடி சரியாக அமையாது. அந்த ஒயரும் 1.5 சதுர மில்லிமீட்டர்தான், விளக்குக்குப் போடுவது. ஃபிரிட்ஜும் அதிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

பளபளக்கும் செம்பு தெரிகிற இடம் வரை வெட்டி, சாக்கெட்டை மறுபடி மாற்றிக் கொடுத்தார். ஆனால், “இதுல மிக்ஸி மட்டும் போடுங்க” என்று சொல்லிவிட்டார். அடுப்புக்கு எம்.சி.பி பாக்ஸிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டரில் தனி லைன், தனி 16 ஆம்பியர் எம்.சி.பி, நடுவில் எங்கும் ஒட்டு இல்லை. ஒயர் முனைகளுக்கு ஈயம் பூசித் தரச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டபோது மறுத்துவிட்டார். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் மெள்ள மெள்ள நசுங்கி, நாளடைவில் பிடி தளர்ந்துவிடுமாம். முனையில் அளவான லக் போட்டு அழுத்தினார். அதுவே சரியான முறை.

செலவை யார் ஏற்பது என்று ஹவுஸ் ஓனரோடு ஒரு வாரம் இழுபறி. “நீங்க கொண்டுவந்த அடுப்புதானே” என்பது அவர் வாதம். சுவருக்குள் இருக்கும் ஒயர் யாருடையது என்பது இவர்கள் வாதம். கறுத்த ஒயர்த் துண்டைக் கையில் கொடுத்த பிறகு பாதித் தொகையை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். வாடகை வீட்டில் இருப்பவர்கள் அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துவது புத்திசாலித்தனம்.

இது ஆவடிக்கு மட்டும் உரிய கதை இல்லை. அமெரிக்காவில் வீட்டில் பீர் தயாரித்துக்கொள்ள 1978-ல் வந்த சட்டம் வழிவிட்டது. இன்று அங்கே பலர் பெரிய மின்சாரக் கெட்டிலில்தான் காய்ச்சுகிறார்கள். 240 வோல்ட்டில் 5,500 வாட்ஸ், அதாவது சுமார் 23 ஆம்பியர், ஒரு மணி நேரத்துக்குக் கொதி. அங்கும் பிளக்கின் ஒரு பின் மட்டும் கறுக்கிறது. அங்கும் பார்க்க வேண்டிய முதல் இடம் தளர்ந்த முனைதான். புளியோ, பார்லியோ, நீண்ட நேரம் கொதிக்கவைக்கிற எதுவும் வீட்டு இணைப்புகளுக்கு வைக்கும் பரீட்சை ஒன்றே. அயர்ன் பாக்ஸும் கீசரும் சூடானதும் தானாக ஓய்வெடுத்துக்கொள்ளும். சுண்டக் காய்ச்சுகிற அடுப்பு ஓய்வெடுக்காது. இரவு முழுக்க 15 ஆம்பியர் பாயின்ட்டில் சார்ஜ் ஏறும் மின்சார காருக்கும் இதே விதி.

உங்கள் வீட்டில் பார்க்க வேண்டுமென்றால் கருவி எதுவும் தேவையில்லை. கீசரோ, இண்டக்‌ஷனோ அரை மணி நேரம் ஓடட்டும். பிறகு ஸ்விட்சை அணைத்துவிட்டு, உலர்ந்த புறங்கையால் பிளக்கின் உடலை மட்டும் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு இயல்பு. தொட்டுக்கொண்டே இருக்க முடியவில்லை என்றால் அன்றோடு அந்த பாயின்ட்டை நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே பழுப்பேறியோ, இளகியோ, விரிசல் விட்டோ இருந்தால் தொடவே வேண்டாம். நேராக மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஸ்விட்சில் ‘சரசர’ சத்தம், பிளக்கைத் தொட்டால் அடுப்பு அணைந்து எரிவது, பின் தொளதொளவென்று உள்ளே போவது எல்லாமே அதே நோயின் அறிகுறிகள்தான். கறுத்த பின்னை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி மாட்டும் வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. பின் பளபளக்கும், உள்ளே கவ்வி தளர்ந்தது தளர்ந்ததுதான்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். அடுப்பு ஓடும்போதே பிளக்கைப் பிடுங்குவது. ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு பொறி பறந்து, பின்னில் சின்னக் குழி விழும். ஸ்விட்சை அணைத்த பிறகே பிளக்கில் கை வைக்க வேண்டும்.

போர்டிலிருந்து புகையோ, தீயோ கிளம்பிவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மெயினை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு, வீட்டிலிருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு, 101 அல்லது 112-க்கு அழையுங்கள். மெயின் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆவடி வீட்டில் அது கதவுக்குப் பின்னால், மாமியாரின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. இப்போது அதன் கீழே ஒரு முக்காலி போட்டிருக்கிறார்கள்.