பனிப்பெட்டியில் ஓர் அமானிதம்

சென்ற ஆண்டு ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய வேளையில், நம் மைத்துனருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. சிறுநீரகம் ஒன்று கிடைத்திருக்கிறது. உடனே புறப்பட்டு வருக என்றார்கள். வாரம் மும்முறை, முறைக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தால் குருதியைச் சுத்திகரித்துக்கொண்டு மூன்றாண்டுகளாக அவர் காத்திருந்த அழைப்பு அது. தருமபுரியிலிருந்து தெற்கே விரைந்தோம். தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் வண்டி மெல்ல ஊர்ந்தது. எத்தனையோ உயிர்களை விழுங்கிய சாலை. அங்கே அடிபட்ட எவரோ ஒருவரின் உறுப்புத்தானோ என்றெண்ணி, மகிழவும் இயலாமல் வருந்தவும் இயலாமல் அமர்ந்திருந்தோம்.

ஃபஜ்ருக்குச் சற்று முன்னர் மருத்துவர் வந்தார். வழங்கியவர் அறுபதைக் கடந்தவர். உறுப்போ பனிப்பெட்டியில் பல மணி நேரம் இருந்துவிட்டது. பொருத்தத் துணிவில்லை என்றார். “பெட்டியில் இருக்கிறப்ப அது நல்லா இருக்கா இல்லையான்னு எங்களுக்கு எதுவும் தெரியாதுங்க” என்றார். அவர்மீது நமக்குக் குறையில்லை. ஆயினும் அந்தச் சொல் நம்மை விடவில்லை.

தெரிந்துகொள்ள வழி ஒன்று உண்டென்பதைப் பின்னரே அறிந்தோம். சிறுநீரகத்தின் தமனியில் குழாயைப் பொருத்தி, குளிர்ந்த திரவத்தை மெல்லிய அழுத்தத்தில் ஓயாது செலுத்தும் இயந்திரம் அது. திரவம் எளிதாக ஓடினால் உள்ளிருக்கும் நுண்குழாய்கள் நலமாயுள்ளன என்று கொள்ளலாம். தடை குறையாமல் நின்றால் ஐயுற வேண்டும். அந்த அளவு ஒன்றை மட்டும் கொண்டு தீர்ப்பெழுதலாகாது என்பதும் அறிந்தோர் கூற்று.

இது நேற்று முளைத்ததன்று. சான்பிரான்சிஸ்கோவில் பெல்சர் என்னும் மருத்துவர் 1967இல் நாய்களின் சிறுநீரகங்களை இவ்வாறு 72 மணி நேரம் காத்தார். அடுத்த ஆண்டே மனிதருக்கும் பயன்படுத்தினார். 1969இல் காலின்ஸ் ஒரு கரைசலைக் கண்டார். அதனால் கழுவிப் பனிக்கட்டியில் வைத்தாலே ஒருநாளுக்கு மேலும் தாங்கியது. எளியதும் மலிவானதும் வென்றது. உலகம் பனிப்பெட்டியைப் பற்றிக்கொண்டது. நம் நாட்டில் இன்றும் பெரும்பாலும் அதுவே.

2009இல் ஐரோப்பிய ஆய்வொன்று வெளிவந்தது. 336 கொடையாளர், ஒவ்வொருவரின் ஒரு சிறுநீரகம் இயந்திரத்தில், மற்றொன்று பனியில். பொருத்தியபின் உடனே இயங்காமல் தாமதித்தவை பனியில் நூற்றுக்கு 26.5, இயந்திரத்தில் 20.8. ஓராண்டு கழித்து இயங்கியவை முறையே 90, 94. நூற்றுக்கு நான்கு என்பது ஏட்டில் சிறிது. அந்த நால்வரின் வீட்டாரிடம் கேட்டால் தெரியும். உடல் வெப்பநிலையில் குருதியைச் செலுத்தும் புதுமுறையும் வந்தது. ஆனால் அறுவைக்குமுன் சிறிது நேரம் அவ்வாறு செய்வதால் தாமதம் குறையவில்லை என்று 2023இல் பிரிட்டன் ஆய்வொன்று கண்டது. புதியதெல்லாம் மேலானதன்று போலும்!

வெறுங்கையோடு திரும்பிய அன்று அம்மா கேட்டார்: “தம்பி, வாங்கிக்கிறதுக்கு மட்டும் ராத்திரியோட ராத்திரியா ஓடுறோமே. நாம யாருக்காச்சும் குடுப்பமா?”

மாறிய பதில் நம்மிடம் இல்லை. மையித்தைச் சிதைக்கலாகாது என்னும் அச்சம் நம் இல்லங்களில் ஆழமானது. அதனை இகழ மாட்டோம். ஆயினும் ஜித்தாவின் ஃபிக்ஹ் அகாடமி 1988இலேயே, விற்பனையை விலக்கி, வழங்கியவரோ வாரிசுகளோ இசைந்தால் உறுப்பு மாற்றம் ஆகும் என்று தீர்மானித்தது. மூளைச் சாவைப் பற்றி அதற்கு இரண்டாண்டு முன்பே அம்மானில் கூடி ஆய்ந்தது. நம் நாட்டு ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் பள்ளி இமாமும் அவகாசம் கேட்டிருக்கிறார். தமிழகத்திலோ 2008இல் திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் பெற்றோர் தம் துயரத்தினூடே இசைந்தது, எத்தனையோ வீடுகளின் மனத்தை அசைத்தது. 2023 முதல் அத்தகையோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறுகிறது.

உறுதிமொழிப் படிவத்தில் நாம் ஒப்பமிட்டுவிட்டோம். எனினும் அவ்வேளை வரும்போது வீட்டாரின் இசைவையே கேட்பார்கள். மூத்த மகன் படிவத்தை இருமுறை படித்தான். ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்தான். மைத்துனர் நாளை காலை ஆறு மணிக்கு மீண்டும் சுத்திகரிப்புக்குச் செல்கிறார்.