கொல்லையில் ஒரு நீச்சல் குளம்

சிங்கப்பூர் மச்சானுக்குத் தஞ்சாவூரில் வீடு பார்க்கிறோம். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் நீந்த வேண்டும், அதனால் குளத்தோடு வீடு கேட்கிறார். இரண்டு இடம் வந்திருக்கிறது. வல்லம் பக்கம் கட்டி முடித்த வீடு, குளம் இருக்கிறது. திருவையாறு போகும் வழியில் ஒரு மனை, குளம் இனிமேல்தான் தோண்ட வேண்டும்.

*

முதலில் மண். வல்லம் மேட்டுப் பூமி, செம்மண். தண்ணீர் ஆழத்தில் கிடக்கும். திருவையாறு போகும் வழியில் வெண்ணாறு தாண்டினால் ஆற்று வண்டலும் களியும். சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊறி உப்பும். அடைமழை பிடித்துவிட்டால் உறைகிணற்றில் குனிந்து மொண்டுவிடலாம்.

*

களிமண் பூமியில் காலியாகக் கிடக்கும் குளம் மிதந்து மேலே வந்துவிடும் என்று சொன்னபோது மச்சான் நம்பவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினேன். எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். 15 சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட் போட்டால் தொட்டியின் எடை சுமார் 24 டன். சுற்றிலும் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு ஏறினால் அது தொட்டியை மேலே தள்ளுவது 40 டன்னுக்கு மேல். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. கார்த்திகையில் சுத்தம் செய்கிறேன் என்று இறைத்துவிட்டால் அடித்தளம் தூக்கிக்கொள்ளும், பக்கச் சுவர் விரியும். அடியில் அழுத்தம் விடும் வால்வு வைக்காமல் டெல்டாவில் குளம் கட்டவே கூடாது.

*

தண்ணீரைப் பாழாக்குகிறாய் என்று ஊரில் பேசுவார்கள். அதையும் கணக்குப் பார்த்தேன். அந்தக் குளம் கொள்வது 38,400 லிட்டர். ஒரு மா வயலில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்ட சுமார் 68,000 லிட்டர் வேண்டும். அதில் பாதிக்குச் சற்று மேல்தான் குளம். கோடையில் ஆவியாகப் போவது நாளுக்கு ஏறக்குறைய 200 லிட்டர். அளவைச் சொல்லிக் குளத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 2024 போல ஒரு வருஷம் வரும். ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை ஜூலை 28-இல்தான் திறந்தது. பக்கத்து வயல்காரர் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது நம் வீட்டு போர்வெல் குளத்துக்கு ஓடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

*

மின்சாரம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினம் ஆறு மணி நேரம் ஓடினால்தான் தண்ணீர் பச்சை பிடிக்காது. இரண்டு மாதத்துக்கு 270 யூனிட். அரசு இலவசமாகத் தருவது இதற்குப் போதாது. ஆள் இல்லாத வீட்டுக்கும் இதே செலவுதான். குளோரின் தனி.

*

சிங்கப்பூரில் நீண்ட பள்ளி விடுமுறை நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் முடிய. இங்கே அது அடைமழைக் காலம். மிஞ்சுவது ஜூன் மாத லீவு மட்டும். அந்த ஒரு மாதத்துக்காகவா இவ்வளவும்?

*

குழந்தைகள். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். வீட்டுக் கதவிலிருந்து நேரே குளத்துக்கு வழி இருக்கக்கூடாது. நாலு பக்கமும் நாலடி வேலி, தானே மூடிக்கொள்ளும் கதவு. வல்லம் வீட்டில் இரண்டும் இல்லை. வாசற்படியிலிருந்து ஏழெட்டு அடி எடுத்து வைத்தால் தண்ணீர்.

*

நம் பழைய கோயில் குளங்கள் வேறு மாதிரி: திருவாரூர்க் கமலாலயம், மன்னார்குடி ஹரித்ராநதி, கும்பகோணத்து மகாமகக் குளம். ஊர் முழுக்க இறங்கலாம் என்று வெட்டியவை. தஞ்சாவூரிலேயே சேவப்ப நாயக்கன் ஏரியில் தேங்கிய மழைநீர் சிவகங்கைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து நிலத்தடிக் குழாய் வழியே ஊருக்குள் போனது. இன்று அந்த ஏரியின் பெயரில் குடியிருப்பு இருக்கிறது. வரத்து வாய்க்கால் தூர்ந்தால் குளம் செத்துவிடும். நீந்தத் தெரிந்த தலைமுறையும் அதோடு போய்விடும். எங்கள் தாத்தா காலத்தில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிப் படித்துறையில் இறக்கிவிடுவார்கள், ஆடிக்குள் எல்லாப் பிள்ளைகளும் நீந்துவார்கள். இதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

*

மச்சானுக்கு எழுதிவிட்டேன்: திருவையாற்று மனையை வாங்குங்கள், குளம் வேண்டாம். பிள்ளைகளைச் சொல்லித்தருகிற ஆளோடு பொது நீச்சல் குளத்துக்கு அனுப்பலாம். மிச்சமாகிற பணத்தில் கொஞ்சம் நம் ஊர்க் கோயில் குளத்து வாய்க்காலைத் தூர்வாரக் கொடுங்கள்.

டெல்டாவில் குளத்தோடு வீடு தேடுகிற மற்றவர்களுக்கும் ஒன்று. கோடையில் போய்ப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கார்த்திகையில் போங்கள், முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள்.