தொடாதை பிள்ளை, தாய் வரும்

மாரி முடிந்து காடு காயத் தொடங்கிய நேரம். ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டோரத்தில் விறகு பொறுக்கப் போயிருந்தோம். பாலை மரமொன்றின் அடியில், பற்றைக்குள் இரண்டு குட்டிகள் கிடந்தன. காட்டுப்பூனைக் குட்டிகள் என்றுதான் முதலில் நினைத்தேன். உடம்பில் புள்ளிகளைக் கண்டதும் நெஞ்சு திக்கென்றது. சிறுத்தைக் குட்டிகள்!

"பாவம், தாயில்லாததுகள். வீட்டை கொண்டுபோய்ப் பால் குடுப்பம்" என்று எங்களோடு வந்த இளம்பெண் குனிந்தாள். ஆச்சி அவளுடைய கையைப் பிடித்து இழுத்தார்.

"தொடாதை பிள்ளை. தாய் இரை தேடப் போயிருக்கும், வரும். சத்தம் போடாமல் வந்த வழியாலை திரும்புங்கோ."

அன்று விறகில்லாமலே வீடு திரும்பினோம்.

ஆச்சி சொன்னது எவ்வளவு சரி என்பதைப் பின்னர் வாசித்து அறிந்தேன். பெண் சிறுத்தை மூன்று மாதமளவில் கருவைச் சுமக்கிறது. பெரும்பாலும் இரண்டு குட்டிகள் ஈனும். பிறந்து சில நாட்கள் சென்றே அவற்றின் கண் திறக்கும். குட்டி வளர்ப்பில் ஆண் பங்கெடுப்பதில்லை. பாலூட்டுவது, இரை தேடுவது, காவல் காப்பது எல்லாம் தாய் ஒன்றே. இரை தேடப் போகும்போது குட்டிகளைக் கற்குகையிலோ மரப்பொந்திலோ பற்றையிலோ ஒளித்துவிட்டுப் போகும். ஒரே இடத்தில் வைத்திருந்தால் மணம் பிடித்து வேறு விலங்குகள் வந்துவிடலாம். அதனால் அடிக்கடி குட்டிகளை வாயில் கவ்வி இடம் மாற்றும்.

இதை வாசித்தபோது 2009ஆம் ஆண்டு கண்முன் வந்தது. கைக்குழந்தையை இடுப்பிலும் மூத்தவளைக் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம் என்று இடம் மாறியவள் நான். தண்ணீருக்குப் போகும்போது பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் இருத்திவிட்டுத்தான் போவேன். அந்த நேரம் யாராவது அவர்களைத் தாயில்லாப் பிள்ளைகள் என்று இரங்கித் தூக்கிக்கொண்டு போயிருந்தால்?

சிறுத்தைக் குட்டிகள் மூன்று மாதமளவில் பால் மறந்தாலும், வேட்டை பழகித் தனித்து வாழ ஒன்றரை முதல் இரண்டு வருடம் செல்லும். அதுவரை தாய் வேண்டும். பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் ஒரு தாய் அகப்பட்டால், பற்றைக்குள் காத்திருக்கும் குட்டிகளும் பட்டினியால் சாகும்.

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தையொன்று பலரைக் காயப்படுத்தியது. கூடியவர்கள் அதை அடித்துக் கொன்றார்கள். காயப்பட்டவர்களின் வலி பொய்யல்ல. ஆனாலும் இந்த இனச் சிறுத்தை காட்டில் வாழ்வது உலகில் இலங்கையில் மட்டுந்தான். 2008இல் அது அழியும் ஆபத்திலுள்ளதாகப் பட்டியலிடப்பட்டது. 2020இல் அந்த நிலை ஒரு படி தளர்த்தப்பட்டாலும் வளர்ந்த சிறுத்தைகள் எண்ணூறுக்கும் குறைவென்றே மதிப்பிட்டார்கள்.

சகோதரிகளே, விறகுக்குத் தனியே போகாதீர்கள். குட்டிகளைக் கண்டால் தொடவும் வேண்டாம், பார்க்க ஆட்களைக் கூட்டவும் வேண்டாம். தாய் அருகில் நிற்கலாம், அது பாயும். அமைதியாக விலகி வந்து கிராம அலுவலருக்கோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள். தோட்ட வேலியில் சுருக்குக் கம்பி இருந்தால் இன்றே கழற்றுங்கள்.

ஒரு மாதம் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு போனபோது பாலை மரத்தடி வெறுமையாகக் கிடந்தது. "கொண்டு போயிட்டுது" என்றார் ஆச்சி. அவருடைய முகத்தில் நிம்மதி தெரிந்தது.