தகரக் கூரைக்கு அடியில் எத்தனை பாகை?

"இன்றைக்கு என்ன வெயில்!" என்று சொல்லாத வீடு நம் தோட்டங்களில் உண்டா? சொல்லிச் சொல்லியே அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.

எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வகுப்புக்கு மேலே வெறும் தகரம்தான், சீலிங் கிடையாது. பன்னிரண்டு மணிக்குமேல் பிள்ளைகள் வாடிய கீரைத்தண்டு போல மேசையில் சாய்ந்துவிடுவார்கள். சென்ற ஆண்டு ஒரு சிறுமி மயங்கியே விழுந்துவிட்டாள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் சீலிங் கேட்டபோது, "எல்லா இடத்திலும்தான் சூடு" என்று பதில் வந்தது. மறுத்துப் பேச எங்கள் கையில் கணக்கு ஏது?

மலேசிய வானிலை ஆய்வுத் துறைக்குக் கணக்கு உண்டு. ஒரு நாளின் உச்ச வெப்பம் 35 முதல் 37 பாகை வரை மூன்று நாள் தொடர்ந்தால் அது முதல் நிலை எச்சரிக்கை. ஆனால் அவர்கள் அளப்பது வெளிக்காற்றை. தகரத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலைக்குப் பக்கத்தில் யார் அளப்பது? நாமே அளப்போம் என்று முடிவு செய்தேன்.

பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர், பால்மரம் சீவியவரின் மகன், ஒரு சின்னக் கணினியைக் கொடுத்தார். பெயர் ராஸ்பெர்ரி பை. இங்கிலாந்தில் பிள்ளைகள் கணினி கற்பதற்கென்றே உருவாக்கி, 2012-இல் விற்பனைக்கு விட்டது. அடையாள அட்டை அளவுதான் இருக்கும். அதற்குள் ஓடுவது லினக்ஸ். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

வெப்பத்தை உணரும் கருவிக்கு டிஎஸ்18பி20 என்று பெயர். சில வெள்ளிதான் விலை. எஃகுக் குழாய்க்குள் அடைத்த வகையாக இரண்டு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் மூன்று கம்பிகள். பலகையின் ஓரத்தில் 40 ஊசிகள் நிற்கும். சிவப்புக் கம்பி 1-ஆம் ஊசிக்கு, அதில் 3.3 வோல்ட் வரும். கறுப்பு 6-ஆம் ஊசிக்கு. செய்தி சொல்லும் மஞ்சள் 7-ஆம் ஊசிக்கு. (நிறம் கடைக்குக் கடை மாறும்; கூடவரும் தாளைப் பாருங்கள்.) 2-ஆம் ஊசியிலும் 4-ஆம் ஊசியிலும் 5 வோல்ட் ஓடுகிறது, சிவப்பு அங்கே போய்விட்டால் பலகையே கெட்டுவிடலாம்.

சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே 4700 ஓம் மின்தடை ஒன்று வேண்டும். "அது எதுக்கு டீச்சர்?" என்று கேட்டான் ஒருவன். நல்ல கேள்வி! மணிக்கயிறை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் கீழே வரும். விட்டால் மேலே போக ஒரு சுருள்வில் வேண்டும். இந்தக் கருவியும் கணினியும் கம்பியைக் கீழேதான் இழுக்கும். மேலே தூக்கி நிறுத்துவது அந்த மின்தடை.

பிறகு கணினியின் அமைப்புப் பட்டியலில் 'ஒன்-வயர்' என்பதைத் திறந்துவிட்டு, ஒருமுறை நிறுத்தி இயக்கினோம். '28' என்று தொடங்கும் இரண்டு பெயர்கள் தோன்றின. ஒவ்வொரு கருவிக்கும் பிறவியிலேயே தனி எண் உண்டு. அதனால் ஒரே கம்பியில் பலவற்றை மாட்டலாம். 31250 என்று வந்தால் 31.25 பாகை. ஒருநாள் 85 பாகை என்று காட்ட, வகுப்பே அலறியது! மின்சாரம் வந்தவுடன், அளப்பதற்கு முன்னால், அது வைத்திருக்கும் எண் அதுதான்.

அரை பாகை கூடக் குறைய இருக்கலாம் என்பதால், இரண்டையும் ஐஸ் தண்ணீரில் முக்கிச் சரிபார்த்தோம். ஒன்றை வகுப்பில் பிள்ளைகளின் தலை உயரத்திலும், மற்றதை ரம்புத்தான் மர நிழலிலும் தொங்கவிட்டோம். வெயில் நேராகப் பட்டால் காற்றின் சூட்டையல்ல, எஃகின் சூட்டைத்தான் காட்டும். எங்கள் பலகையில் கடிகார பேட்டரி இல்லை, இணையமும் கிடையாது. ஆகவே பிள்ளைகள் முறைவைத்து மணியையும் பாகையையும் நோட்டில் எழுதினார்கள்.

பன்னிரண்டு பள்ளி நாட்கள். மதியம் 12.30-க்கு மர நிழலில் 33 என்றால் வகுப்பில் 36-க்கு மேல். ஒருநாள் 37.4.

அந்த நோட்டின் நகலோடு சங்கம் மறுபடி கடிதம் அனுப்பியது. இந்த முறை ஓர் அதிகாரி நேரில் வந்து, கூரையை அண்ணாந்து பார்த்து, அளவெடுத்துப் போனார். சீலிங் இன்னும் வரவில்லை. உடற்கல்வியைக் காலை முதல் பாடத்துக்கு மாற்றிவிட்டோம். அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை.

மயங்கி விழுந்த சிறுமியின் அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்தக் குழாயை எங்க வெளிக்காட்டுக்கும் கொண்டுவர முடியுமா?" என்றார். பவர் பேங்க் இருந்தால் முடியும். வருகிற சனிக்கிழமை அவருடைய நிரைக்குப் போகிறோம்.