நாலு பின் ஓட்டை

தங்கை மகளின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னதாகவே பள்ளிக்கரணைக்கு வந்து இறங்கிய மேரிலாந்துக்காரருக்கு, முதல் நாளே ஒரு வேலை காத்திருந்தது. ரிசப்ஷன் மேடையில் எல்.இ.டி. திரை வைக்கிறார்கள்; அதில் மணப்பெண்ணின் சின்ன வயது வீடியோ ஓட வேண்டும். "மாமா, மொட்டை மாடியில நான் சைக்கிள் ஓட்டினதை எடுத்தீங்களே, அது இருக்கா?" என்று கேட்டாள் பெண். இருந்தது. 2001ல் எடுத்தது; அப்போதே கடையில் கொடுத்து வி.சி.டி.யும் போட்டாயிற்று. வட்டைத் தேடிப் பிடித்து ஓட்டினார்கள். மூன்று சக்கர சைக்கிள் தெரிந்தது. அதன்மேல் உட்கார்ந்திருப்பது குழந்தையா துணி மூட்டையா என்று சொல்ல முடியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டுச் சதுரங்கள்.

"இதுக்குத்தான் மச்சான் சொல்றேன், இப்ப யாரு கேமரா வாங்குறா? எல்லாம் போன்தான். நீங்க அமெரிக்காவுல இருந்துக்கிட்டு இன்னும் அந்த டப்பாவைத் தூக்கிட்டு அலையறீங்க" என்றார் தங்கை கணவர்.

அன்று மாலை வரை மேரிலாந்துக்காரர் யாரோடும் பேசவில்லை. அதற்குப் பிறகு கல்யாணம் முடியும்வரை வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

அவர் கட்சி இது: கெட்டது கேமரா அல்ல, வி.சி.டி. அந்த வட்டில் படம் 352க்கு 288 புள்ளிகள். வினாடிக்குச் சுமார் 1.15 மெகாபிட். அவருடைய டிஜிட்டல்8 கேமரா கேசட்டில் எழுதியதோ வினாடிக்கு 25 மெகாபிட். இருபதில் ஒரு பங்குகூட வட்டுக்கு வந்து சேரவில்லை. அந்த நாளில் தமிழ்நாட்டில் வி.சி.டி. பிளேயர் பரவிவந்ததால் எல்லாரும் வட்டையே கேட்டார்கள். பிழிந்த தேங்காய்ச் சக்கையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பாலை மறந்த கதை. கல்யாண வீடியோக்காரர்களில் சிலர் மூலக் கேசட்டின்மேல் அடுத்த முகூர்த்தத்தையும் பதிவு செய்தார்கள் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

டாலர் 47 ரூபாய்க்கு விற்ற அந்த வருடத்தில் கையிலிருந்த காசுக்குக் கேம்கோடர் வாங்குவது எளிதாக இல்லை. 1995ல் வந்த மினிடிவி, கையடக்கமான கேசட், விலை கூடுதல். சோனி 1999ல் கொண்டுவந்த டிஜிட்டல்8 கொஞ்சம் தடி, ஆனால் மலிவு. பழைய ஹை8 கேசட்டிலேயே டிஜிட்டலாகப் பதியும். பல மாடல்கள் பழைய வீடியோ8, ஹை8 கேசட்டுகளையும் ஓட்டிக் காட்டும். கடையில் எல்லாரும் லென்ஸைப் பார்த்தார்கள், ஜூமைப் பார்த்தார்கள். அவர் கேமராவைத் திருப்பி, ரப்பர் மூடியைத் திறந்து, அதன் இடுப்பில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். நாலு பின் ஓட்டை.

இதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அவருக்குச் சாப்பாடு ஆறிவிடும். ஆப்பிள் அதை ஃபயர்வயர் என்றது, சோனி ஐலிங்க் என்றது, பொறியாளர்கள் 1995ல் 1394 என்று எண் கொடுத்தார்கள். மூன்றும் ஒன்றுதான். 2001ல் ஆப்பிளுக்கு அந்த வயருக்காகவே எம்மி விருது கொடுத்தார்கள். ஒரு வயருக்கு! யு.எஸ்.பி. அப்போதும் இருந்தது. ஆனால் அந்தக் காலத்துக் கேசட் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் அது போட்டோவை இறக்கவும், கலங்கலான படத்தை இணையப் பேச்சுக்கு அனுப்பவும் மட்டுமே. பெட்டியின் மேல் 'யு.எஸ்.பி. உண்டு' என்று அச்சிட்டிருந்ததை நம்பி வாங்கியவர்கள் பிறகு தலையில் கைவைத்தார்கள்.

பள்ளிக்கரணைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி அவர் சொல்வது: யு.எஸ்.பி. தண்ணீர் லாரி, ஃபயர்வயர் குழாய். லாரி ஒரே நடையில் நிறையக் கொண்டுவரும், ஆனால் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. ஓடுகிற கேசட்டை நிறுத்தி வைக்க முடியாது. சொட்டுச் சொட்டாக இல்லாமல், விட்டு விட்டு இல்லாமல், ஒரே சீராகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்க வேண்டும். அதற்குக் குழாய்தான். ("நம்ம தெருக் குழாய் அப்படி என்னைக்கு வந்துச்சு?" என்று தங்கை கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.)

இந்த வழியில் வருவது நகல்கூட அல்ல. கேசட்டில் உள்ள எண்கள் அப்படியே கம்ப்யூட்டருக்கு நகர்கின்றன. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 13 ஜி.பி. அவருடைய அன்றைய கம்ப்யூட்டரில் மொத்த இடமே 40 ஜி.பி. மூன்று கேசட் இறக்கினால் கதவை மூட வேண்டியதுதான். அதனால் பின்னால் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார், எல்லாரையும் போல.

புகழ்ந்தது போதும். அவர் வாங்கிய கேமராவில் ஒரு சூனியமும் இருந்தது. டி.வி. முறையில் அமெரிக்கா என்.டி.எஸ்.சி. நாடு, இந்தியா 'பால்' (PAL) நாடு. அங்கே வினாடிக்கு 30 படம், இங்கே 25. அங்கே வாங்கிய கேமராவின் வயரை 2001ல் பள்ளிக்கரணை வீட்டு டி.வி.யில் சொருகியபோது வந்தது கறுப்பு வெள்ளையில் உருளும் படம். அமெரிக்கத் தள்ளுபடியில் மயங்கி ஊருக்குக் கேமரா வாங்கி அனுப்பிய பலர் வீட்டில் இந்தக் காட்சி நடந்திருக்கும். அதோடு போகவில்லை. அங்கே மின்சாரம் வினாடிக்கு 60 சுற்று, இங்கே 50. அந்தக் கேமராவால் இங்கே இரவில் எடுத்த படங்களில் ட்யூப்லைட் வெளிச்சம் துடிக்கும். பாட்டி சீமந்தப் பாட்டுப் பாடுகிறாள். சுவர் இதயம்போல் அடித்துக்கொள்கிறது.

லண்டனில் இருந்த சித்தப்பா மகன் இந்த இடத்தில் சிரித்தான். அவன் ஊர் பால். இங்கே கொண்டுவந்தால் பளிச்சென்று ஓடும். ஆனால் அவனுக்கு வேறு ஒன்று காத்திருந்தது. கேமராவில் இருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கலாம். வெட்டி ஒட்டிய படத்தைத் திரும்பக் கேசட்டில் ஏற்ற முடியாது. வெளியிலிருந்து படத்தை உள்ளே வாங்கிப் பதிகிற பெட்டி என்றால் ஐரோப்பியச் சுங்கக் கணக்கில் அது 'வீடியோ ரெகார்டர்', வரி அதிகம். அதனால் கம்பெனிகள் ஐரோப்பிய மாடல்களில் அந்த வாசலை உள்ளிருந்தே தாழிட்டு விற்றன. அதே சுங்க மூளைதான் பின்னாளில் போட்டோ கேமராக்களை 29 நிமிடம் 59 வினாடியில் நிற்க வைத்தது. அரை மணியைத் தொட்டால் அதுவும் வீடியோ கேமரா ஆகிவிடுமே! நம் ஊர்ச் சுங்கத்தைத் திட்டுகிறவர்கள் ஒருமுறை இதை நினைத்துக்கொள்ளலாம்.

கேசட்டுகள் பள்ளிக்கரணையிலேயே இருந்தன, ஒன்பது. மூன்று பீரோவின் அடித்தட்டில், ஆறு பரணில். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் வந்த தண்ணீர் அடித்தட்டை எடுத்துக்கொண்டது. வெள்ளம் வடிந்ததும் அந்த மூன்றையும் மொட்டை மாடியில் வடாம்போல் வெயிலில் காய வைத்திருக்கிறார்கள். அன்போடு செய்த கொலை. சேறு பட்ட கேசட்டைச் சூட்டில் காய வைத்தால் நாடா நெளிந்துபோகும், சேறு அதிலேயே இறுகிவிடும். பரணில் இருந்த ஆறில் ஒன்றின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. மீதி ஐந்து.

கேமராவும் லேசில் மசியவில்லை. கேசட்டை விழுங்கிவிட்டு வாயைத் திறக்க மறுத்தது. மேரிலாந்தில் இதைச் சரிசெய்யக் கேட்டிருக்கிறார். பார்த்துச் சொல்வதற்கே கேட்ட காசுக்கு இன்னொரு பழைய கேமரா வாங்கலாம். அங்கே பொருளைத் திருப்பிக் கொடுப்பது சுலபம், தூக்கிப் போடுவது அதைவிடச் சுலபம், ரிப்பேர் செய்வதுதான் ஆடம்பரம். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தார். ஒரு ஆள் நுழைகிற அகலத்தில் கடை. ஒரு காலத்தில் டெக்கு ஹெட் துடைத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்த பெரியவர். மூடியைக் கழற்றினார், உள்ளே பார்த்தார், "பெல்ட் இல்ல சார், கிரீஸ் கட்டிப்போச்சு" என்றார். சுரண்டி, துடைத்து, புது கிரீஸ் தடவி, ஸ்பிரிட்டில் நனைத்த ஷாமி தோலால் ஹெட்டைத் தொட்டும் தொடாமலும் துடைத்தார். ஒன்றரை மணி நேரம், எண்ணூறு ரூபாய். இருபத்தைந்து வருடமாக அமெரிக்காவைப் பாராட்டிவந்த மனிதர் அன்று அந்தத் தெருவில் நின்று குடித்த டீயை அந்த நாட்டுக் காபி எதனோடும் ஒப்பிடத் தயாராக இல்லை.

ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. வாஷிங்டன் நகரப் பொது நூலகத்தில் 2016 முதல் 'மெமரி லேப்' என்று ஒரு அறை இருக்கிறது. பழைய கேசட்டைக் கொண்டுபோனால் பிளேயரும் கம்ப்யூட்டரும் அங்கே தயார். நேரம் முன்பதிவு செய்துகொண்டு நாமே மாற்றிக்கொள்ளலாம், காசு கிடையாது. வீட்டுப் படங்களுக்கென்றே ஆண்டுதோறும் ஒரு நாள் கொண்டாடுகிறார்கள். பரணில் கிடந்ததைத் தூசி தட்டிக் கொண்டுவந்தால் காப்பகக்காரர்கள் பார்த்துச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரை, ஒலிக் காப்பகம், காந்த நாடாக்களுக்கு 2025தான் கெடு என்று எச்சரித்தது. இங்கே பழைய தமிழ் அச்சுப் புத்தகத்துக்குத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, பள்ளிக்கரணையில் இருந்து ரொம்பத் தூரமில்லை. கல்யாணக் கேசட்டோடு யார் எந்த வாசலில் போய் நிற்பது? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு மேசை, ஒரு டெக்கு, ஒரு டிஜிட்டல்8, பழைய கம்ப்யூட்டர் ஒன்று. இவ்வளவுதான் அவர் கேட்பது. எட்டு மாடியில் ஒரு மேசைக்கா இடமில்லை?

கேமரா பிழைத்தது, அடுத்து லேப்டாப் கைவிரித்தது. இன்றைய மடிக்கணினியில் அந்த ஓட்டை இல்லை. ஆப்பிள்காரர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று இணைப்பிகளை மாட்டிச் சமாளித்துவந்தார்கள். 2025ல் வந்த மேக் ஓ.எஸ். டஹோ பதிப்போடு அந்த நிறுவனமே தான் பெற்ற பிள்ளையைக் கைகழுவிவிட்டது. கடைசியில் மாப்பிள்ளை வீட்டு ஸ்டோர் ரூமில் கிடந்த மேசைக் கம்ப்யூட்டர்தான் உதவியது. ரிச்சி தெருவிலேயே வாங்கிய 1394 கார்டு, வின்டிவி என்ற சின்ன இலவச மென்பொருள். ஒரு மணி நேரக் கேசட் இறங்க ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்த முடியாது. அதனாலேயே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

சைக்கிள் வந்தது. பெண்ணின் பல் வரிசையில் விழுந்த பல்லின் இடைவெளிகூடத் தெரிந்தது. ஆனால் தங்கை கணவர் பார்த்தது குழந்தையை அல்ல. "மச்சான், அங்க பாருங்க" என்றார். சைக்கிளுக்குப் பின்னால், கைப்பிடிச் சுவருக்கு அப்பால், கண்ணுக்கு எட்டியவரை சதுப்பு நிலம். தண்ணீர், கோரை, நடுவில் வெள்ளையாகப் பறவைகள். ஓரத்தில் பெருங்குடிக் குப்பைமேட்டின் புகை. இப்போது அதே மாடியில் நின்றால் தெரிவது எதிர் அடுக்குமாடியின் துணிக்கொடி. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் என்று சொல்லப்படும் சதுப்பு அது. 2022ல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது கணக்கில் வந்தது 1,247 ஹெக்டேர்.

அதற்குப் பிறகு போன் பேச்சு கொஞ்சம் அடங்கியது. அவரும் போனை எதிர்ப்பவர் அல்ல. வீட்டுக்குள் எடுக்க போன் போதும் என்று ஒப்புக்கொள்கிறார். ரேடியல் ரோட்டில் நின்று சதுப்பில் இறங்கியிருக்கும் கூழைக்கடாவை எடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும் என்கிறார். போன் படத்தை இழுக்கிறது, லென்ஸ் பறவையை இழுக்கிறது. சோனியின் சி.எக்ஸ்.405 போன்ற எளிய கேம்கோடரிலேயே 30 மடங்கு ஆப்டிகல் ஜூம் உண்டு, யு.எஸ்.பி. வயர் கைப்பட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். 2007ல் வந்த ஃபிளிப் கேமராவின் வால் ஞாபகம் வருகிறது அவருக்கு. பித்தானை அழுத்தினால் யு.எஸ்.பி. துருத்திக்கொண்டு வெளியே வரும். 2009ல் சிஸ்கோ அந்தக் கம்பெனியை 59 கோடி டாலருக்கு வாங்கி, 2011ல் இழுத்து மூடியது.

புதிதாக மலிவில் வாங்குகிறவர்களுக்கு அவர் சொல்லும் எச்சரிக்கை ஒன்றுதான். பெயர் தெரியாத கம்பெனிகள் '4கே, 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்' என்று சில ஆயிரத்துக்கு விற்பதில் அந்த 16 பெரும்பாலும் டிஜிட்டல் ஜூம். ஆப்டிகல் என்ற சொல் பெட்டியில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பழையது வாங்குகிறவர்கள் எட்டு சென்டிமீட்டர் டிவிடி கேமரா பக்கமே போக வேண்டாம்; அரை மணியில் வட்டு நிறையும், 'ஃபைனலைஸ்' செய்ய மறந்தால் வேறெதிலும் ஓடாது. கேசட் கேமரா என்றால், சொந்தக் கேசட்டைக் கொண்டுபோய்ப் போட்டு ஓட்டிப் பார்த்து, ரப்பர் மூடியைத் திறந்து அந்த ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, கேமரா பாலா என்.டி.எஸ்.சி.யா என்று கேட்டு, அதற்குப் பிறகு விலை பேச வேண்டும்.

ரிசப்ஷன் அன்று எல்.இ.டி. திரையில் சைக்கிள் ஓடியது. ஆபரேட்டர் 4க்கு 3 படத்தைத் திரை முழுக்க இழுத்துவிட்டிருந்தார். குழந்தை ஒன்றரை மடங்கு குண்டாகத் தெரிந்தது. மேரிலாந்துக்காரர் பந்தி வரிசையை விட்டு ஓடி கன்சோலை எட்டுவதற்குள் நாற்பது வினாடிக் கிளிப் முடிந்து, மகாபலிபுரத்தில் எடுத்த டிரோன் படம் தொடங்கிவிட்டது.