பார், டீ, கேடி!

சென்னைப் பெரிய மனிதர் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு ஆறு பட்டுப் புடவை வேண்டும் என்றார். அப்பாவின் தறிக்கு மூன்று மாதச் சோறு. "ஞாயித்துக்கிழமை கோல்ஃப் ஆடற இடத்துக்கு வந்துடுங்க சார், பேசிக்கலாம்" என்றார். கல்கத்தாவுக்கு 1829-லும், கொடைக்கானலுக்கு 1895-லும் கோல்ஃப் கிளப் வந்தாயிற்று. எங்கள் பிள்ளையார்பாளையத்துக்கு இன்னும் வரவில்லை. ஆகவே, என்னைப் போல் முழிக்கப் போகிறவர்களுக்காக ஒரு குட்டி அகராதி:

டீ: குடிக்க முடியாது. பந்தை உட்கார வைக்கும் குச்சி. நான் "சர்க்கரை கம்மியா" என்று சொல்லித் தொலைத்தேன்.

பார்: நீங்கள் நினைப்பது இல்லை. ஒரு குழியில் பந்தைத் தள்ள இத்தனை அடி போதும் என்கிற கணக்கு. 18 குழிக்குப் பெரும்பாலும் 72. அப்பாவுக்கு ஒரு புடவைக்குப் பார், பதினைந்து நாள்.

கேடி: போலீஸ் லிஸ்டில் தேடாதீர்கள். பாவம், பையைச் சுமக்கிறவர்.

ஈகிள்: பாருக்கு இரண்டு அடி குறைவாக முடிப்பது. எங்கள் ஊரில் இதற்குக் கருட சேவை பார்த்த புண்ணியம் வேண்டும்.

ஹோல் இன் ஒன்: ஒரே அடியில் பந்து குழிக்குள். அத்திவரதர் மாதிரி. 1979-ல் பார்த்தவர்கள் அடுத்து 2019-ல்தான் பார்த்தார்கள்.

பங்கர்: மணல் பள்ளம். பாலாற்றைப் பார்த்தவனுக்கு விளக்கம் தேவையில்லை.

ஹேண்டிகேப்: சுமாராக ஆடுகிறவருக்குத் தள்ளுபடி. 90 அடித்துவிட்டு, 18 கழித்து, 72 என்று எழுதலாம். பி.காம். படித்த எனக்கு உடனே பிடித்துப்போனது.

மல்லிகன்: தப்பாக அடித்ததைக் கணக்கில் சேர்க்காமல் இன்னொரு தடவை அடிப்பது. விதிப் புத்தகத்தில் கிடையாது, சிநேகிதர்களுக்குள் உண்டு. அன்று நம்மவர் நாலு மல்லிகன் அடித்தார்.

கடைசியில் கை துடைத்தபடி, "புடவைக்கு ஆயிரம் ரூபா கொறைச்சுக்கங்க" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்று பஸ் ஏறிவிட்டேன்.

குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த அப்பா, அகராதி முழுக்கக் கேட்டார்.

"அவருக்குப் பதினெட்டு குழியா? எனக்கு நாப்பது வருஷமா இந்த ஒரு குழிதான்டா. கோர்வை ஒரு இழை பிசகினாலும் பிரிச்சுத்தான் ஆகணும். எனக்கு எவன்டா மல்லிகன் குடுத்தான்?"

கொஞ்ச நேரம் நாடா மட்டும் ஓடியது. பிறகு அவரே சிரித்தார்.

"சரி, நாம குடுப்போம். அவர் சொன்ன வெலையக் கணக்குல சேக்கல, இன்னொரு தடவை சொல்லச் சொல்லு!"

போனில் அப்படியே சொன்னேன். எதிர்முனையில் மௌனம். கட் பண்ணிவிட்டாரோ என்று பயந்தேன். அப்புறம் பெரிய சிரிப்பு.

முழு விலை!